இனித் தட்டாதையும்

நித்தியானந்தனுக்கு நுரையீரல் பழுது. நித்திரையில் மூச்சும் நின்றுவிடும். நின்றால் தோளில் தட்டும்படி, அவர்கள் வந்து குடியேறிய குளிர் தேசத்து ரண்டர்ஸ் நகர டாக்குத்தர் சொல்லியிருந்தார். இரவு வேலை முடித்து அவர் பகலில் படுக்க, மனைவி யோகமலர் பக்கத்தில் இருந்து தட்டுவாள்.

"சனியன், படுக்கவும் விடமாட்டாய்" என்று ஒவ்வொரு முறையும் ஏசுவார்.

1986 தை மாதம் ஒரு மத்தியானம் மூச்சு நின்றது. யோகமலர் தட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். பிறகு குசினிக்குப் போய் வெங்காயம் உரித்தாள்.

பின்னேரம் அவர் எழும்பி வந்து தேத்தண்ணி கேட்டார்.

"இண்டைக்குத்தான் நல்ல நித்திரை. இனித் தட்டாதையும்."

வேலைக்குப் போனவரை யன்னலால் பார்த்தாள். பஸ் தரிப்பிடத்தில், தெருவிளக்கின் கீழ், எல்லார் வாயிலிருந்தும் குளிருக்குப் புகை வந்தது. அவரும் கதைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார். அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

விடிய வந்து பக்கத்தில் படுப்பார்.