ஊரில் எவடம்

பக்கத்து வீட்டு வாசலில் ஒரு தமிழ்ப் பெண் நிற்பதைக் கண்டதும் டெனிஸ்டன் இறங்கிய படியிலேயே நின்றுவிட்டான்.

தமிழ்தான், சந்தேகமே இல்லை. தலைமயிரை வாரி முடிந்த விதம், கம்பளிச் சட்டைக்கு மேலே போர்த்திய பழைய சால்வை, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பார்வை. ஒரு தமிழ் ஆள் இன்னொரு தமிழ் ஆளை அளந்து பார்க்கிற பார்வையை, கனடாவில் இந்த விட்பியில் என்ன, வட துருவத்தில் கண்டாலும் அவன் அடையாளம் பிடிப்பான்.

இந்தத் தெருவில் தமிழர் ஒருவரும் இல்லை என்று, வீடு விற்றுக் கொடுக்கிற வெள்ளைக்காரி முன்கூட்டியே சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தாள். அதை நம்பித்தான் அவனும் கிருபனும் வீடு பார்க்க இவ்வளவு தூரம் வந்தார்கள்.

யூனியன்வில் வேண்டாம், அங்கே கிருபனின் பெரியம்மா. ஸ்காபரோவைப் பற்றிப் பேச்சே இல்லை, அங்கே டெனிஸ்டனின் அம்மா இருக்கிறாள். அம்மாவின் மாதா கோயிலும் கோயிலின் அன்ரிமாரும் இருக்கிறார்கள்.

அவனும் கிருபனும் சட்டப்படி கல்யாணம் செய்தவர்கள். அம்மாவுக்குக் கிருபன் இன்னமும் வாடகையைப் பங்கு போடுகிற ரூம்மேற்தான்.

ஹமில்ரனில் ஒரு பெண் வாடகைத் தாயாக அவர்களுடைய பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். மாசியில் பிறந்துவிடும். அதற்குள் ஒரு வீடு வேண்டும். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, உந்தப் பிள்ளைக்குத் தாய் எங்கே என்று கேட்க ஆளில்லாத ஒரு தெரு வேண்டும்.

சற்று முன்தான் மேல்மாடிச் சின்ன அறையில் நின்று, பிள்ளைக்கு இதுதான் என்று கிருபன் அவன் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டிருந்தான். அந்த ஜன்னலுக்குத் திரை இல்லை. அது இவளுடைய வீட்டைப் பார்த்தபடி வேறு இருந்தது.

"தமிழோ?" என்றாள் அவள்.

இந்த முகத்தை வைத்துக்கொண்டு இல்லையென்று சொல்ல முடியுமா? "ஓம், அன்ரி."

"ஊரிலை எவடம்?"

வந்துவிட்டது. எந்த இடம் என்று கேட்டவர் அடுத்தது ஆற்ற மகன், யாருடைய பிள்ளை என்று கேட்பார். அதற்கும் பதில் சொல்லிவிட்டால், பொழுதுபடுமுன் அம்மா வீட்டு ரெலிபோன் அடிக்கும்.

யாழ்ப்பாணத்து நாரந்தனை என்று உண்மையைச் சொன்னால் தொலைந்தான். "மன்னார்," என்றான். யாழ்ப்பாணத்துப் பேச்சுப் பேசுகிறவளுக்கு மன்னாரில் ஆரைத் தெரியப்போகிறது என்று ஒரு கணக்கு. அவன் அந்தப் பக்கம் கால் வைத்ததே கிடையாது.

அவள் முகம் செத்துப்போனது.

"மன்னாரிலை?"

"பேசாலை." அவன் கேள்விப்பட்டிருந்த ஒரே பெயர் அதுதான்.

அந்த நேரம் பார்த்துக் கிருபன் வெளியே வந்தான். அவள் அவனையும் ஏற இறங்கப் பார்த்தாள். "இவர் மச்சான்," என்று டெனிஸ்டன் முந்திக்கொண்டான். கிருபன் மச்சானைப் போலவே ஓரடி தள்ளி நின்றான். பாவம், பழகிப்போய்விட்டான்.

அவள் விறுக்கென்று உள்ளே போனாள். கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு பூட்டு. ஜன்னல் ஜன்னலாகத் திரை விழுந்தது.

ஜன்னலில் கண்டுவிட்டாள். கண்டு அருவருத்துத்தான் கதவைச் சாத்தினாள். இன்னும் பிறக்காத பிள்ளையின் முகத்தில் அயல்வீட்டுக் கதவு இப்போதே அறைந்த மாதிரி இருந்தது அவனுக்கு.

"இந்த வீடு வேண்டாம். வா, போவம்."

காரைத் திறக்கும்போது அவள் ஓடி வந்தாள். காலில் செருப்புக்கூட இல்லை, ஈரப் புல்லில் காலுறையோடு வந்தாள். வந்து இரண்டு கையையும் கூப்பினாள்.

"தம்பி, என்ர மனுசன்தானே உங்களை அனுப்பினவர்? உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், என்னை இஞ்ச கண்டதெண்டு பேசாலை ஆக்கள் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. வீடு மாறி மாறிக் களைச்சுப்போனம். மகள் இப்பதான் பயமில்லாமல் நித்திரை கொள்ளுறாள்."

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவளும் தமிழர் இல்லாத தெருவைத் தேடித்தான் வந்திருக்கிறாள். எந்தக் கணவனுக்குப் பயந்து ஓடி வந்தாளோ, அவனுடைய ஊரைத்தான் டெனிஸ்டன் தன்னுடைய ஊரென்று சொல்லி வைத்திருக்கிறான். மேல்மாடி ஜன்னலை அவள் பார்க்கவே இல்லை.

இரக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி, வெட்கம் கெட்ட நிம்மதி. இவள் எங்களைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்க மாட்டாள். பயந்து கிடக்கிற அயலைவிடப் பத்திரமான அயல் எங்கே கிடைக்கும்? தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறினால் போதும். வீட்டையும் வாங்கலாம், இரகசியமும் இருக்கும்.

கிருபன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கைகளை இறக்கவேயில்லை.

"அன்ரி, நான் பேசாலை இல்லை," என்றான் டெனிஸ்டன். "பயத்திலை பொய் சொல்லிப்போட்டன். எனக்கு நாரந்தனை. அமிர்தநாதற்ற மகன். அம்மா வேரோனிக்கா, ஸ்காபரோவிலை இருக்கிறா. விசாரிச்சால் உடனை பிடிச்சுப்போடுவியள்."

கிருபனின் பக்கம் கையைக் காட்டினான்.

"இவர் மச்சான் இல்லை. என்ர மனுசன். மாசியிலை எங்களுக்குப் பிள்ளை பிறக்குது. அம்மாவுக்கு உது ஒண்டும் தெரியாது, அன்ரி. இப்ப உங்களுக்குத் தெரியும்."