மண்ணுக்கடியில் ஒரு பாத்தி

"செருப்பை ஏம்மா கையில தூக்கிட்டு வர்ற? கால்ல போடு!"

அமுதவல்லி போட்ட சத்தத்தில், நகரும் படிக்கட்டில் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அம்மா ஆராயி அசரவில்லை.

"இம்மாம் வெள்ளைத் தரையில செருப்போட எறங்குவாங்களாடி? உப்புப் பாத்தியில அப்படி எறங்குனா மேஸ்திரி தோலை உரிச்சிடுவாரு."

"இது உப்பளம் இல்ல. சென்னை மெட்ரோ ஸ்டேஷன்."

"தெரியுது, கத்தாத."

மரக்காணத்திலிருந்து முதல் பஸ் பிடித்து ஆராயி வந்தது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல; மகளைக் கையோடு அழைத்துப் போக. அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அமுதவல்லிதான். மெட்ரோவில் வேலை என்றாள். என்ன வேலை என்று கேட்டால், "நேர்ல வா, காட்டறேன்" என்று போனை வைத்துவிடுவாள். போன வாரம் பக்கத்து வீட்டுச் சேட்டு, "மெட்ரோவுல பொம்பளப் புள்ளைங்க மாப்பு போடறத என் கண்ணால பாத்தேன்" என்று தெருவுக்கே சொல்லிவிட்டான். "இதுக்கா படிக்க வெச்சேன்? கூட்டிட்டு வந்துடு" என்று குதித்தார் அப்பன் குழந்தைசாமி.

கீழே இறங்கியதும் ஆராயி நின்றுவிட்டாள். மண்ணுக்கடியில் இவ்வளவு இடமா! வரிசையாகத் தூண்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. முப்பது வருஷம் வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்துக் கூசிப்போன கண்ணுக்கு, அந்த வெளிச்சம் இதமாக இருந்தது. வெறுங்காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தாள். மேடுபள்ளமே இல்லை.

"நம்ம உப்புப் பாத்திய மிதிச்சு இறுக்கற மாதிரி, எத்தனை பேருடி மிதிச்சாங்க இந்தத் தரைய?"

"யாரும் மிதிக்கல. கல்லு பதிச்சிருக்கு. வா, நேரமாவுது."

"இரும்மே. இத்தினி பேரு நடக்கறானுங்க, ஒருத்தனாவது குனிஞ்சு பாக்கறானா?"

ஓரமாக ஒரு பெண் மாப்பு போட்டுக்கொண்டிருந்தாள். ஆராயி அவள் யூனிபார்மைப் பார்த்தாள். மகளுடையதையும் பார்த்தாள். நிறம்தான் வேறு.

"நீயும் இதானா?"

அமுதவல்லிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இதுன்னா? அந்த அக்கா பேரு மலர்கொடி. அவங்க தொடைக்கலன்னா, நீ வாயைப் பொளந்து பாக்க இங்க ஒண்ணும் இருக்காது. நீ உப்பு வாரலாம், அவங்க மாப்பு போடக்கூடாதா?"

மலர்கொடி துடைத்துப்போன ஈரம் காயும்வரை ஆராயி அந்தத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போடலாண்டி. இம்மாம் அழகா வெச்சிக்கறது இன்னா கேவலமா? நீ இங்கயே இரு. உங்கப்பனுக்கு நான் சொல்லிக்கறேன். அந்தச் சேட்டு வாயில ஒரு கூடை உப்பை அள்ளிக் கொட்டறேன்."

அமுதவல்லி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்தது போலிருந்தது.

ரயில் வந்து நின்றது. கண்ணாடிக் கதவுகள் திறக்க, கூட்டம் உள்ளே பாய்ந்தது. ஆராயி மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஓடியாடி, ஓட்டறவன் உட்டுட்டுப் போயிடப் போறான்!"

"நீ இந்த முதல் பெட்டியில ஏறி உக்காரும்மா."

அமுதவல்லி முன்கோடிக்கு நடந்தாள். அங்கே இறங்கி நின்ற டிரைவர் சிரித்தபடி சாவியை அவள் கையில் கொடுத்தார்.

"போக மாட்டாரும்மா. இன்னிலேர்ந்து இந்த ரயிலை நான் எடுத்தாத்தான் கிளம்பும்."