குப்பைமேனி தின்ற முயல்

இரண்டு நாளாகப் பூனைக்கு வயிறு சரியில்லை. நக்கி நக்கி விழுங்கிய முடியெல்லாம் உள்ளே உருண்டையாகக் கிடந்தது. வேலியோரம் போய்க் குப்பைமேனிச் செடியில் நாலு இலை தின்றது. சற்று நேரத்தில் எல்லாம் வாந்தியாக வெளியே வந்துவிட்டது. உடனே சுவரேறிக் குதித்து விளையாடியது.

புதருக்குள்ளிருந்து முயல் பார்த்துக்கொண்டிருந்தது. "நாலு இலைக்கே இந்தக் குதியா!" என்று வியந்தது. அதற்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் ஒரு செடி முழுவதையும் தின்று தீர்த்தது.

பொழுது சாய்வதற்குள் சுருண்டு படுத்துவிட்டது. முனகல் கேட்டுப் பூனை ஓடி வந்தது.

"என்னத்தைத் தின்னே?"

"நீ தின்னதைத்தான் அக்கா."

"ஐயோ, சீக்கிரம் வாந்தி எடு!"

"வாந்தின்னா என்ன?"

முயல்களுக்கு வாந்தி வராது என்பது பூனைக்குத் தெரியாது. கழுத்தை நீட்டி ஓக்காளித்துக் காட்டியது. முயலும் அப்படியே செய்து பார்த்தது. ஒன்றும் வரவில்லை. வேறு இலை எதையும் பறித்துக் கொடுக்கப் பூனைக்குத் துணிச்சல் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

மூன்றாம் நாள் காலையில்தான் முயல் மெல்லத் தலையைத் தூக்கியது. எதிரே ஒரு செடி பூத்திருந்தது.

"அக்கா, அது நல்லதா?"

"யாருக்கு?" என்றது பூனை.