வாய்விட்டுச் சொன்ன விலை

மலைக்காய்ச்சலில் போன சோலையின் உயிருக்குப் போடிச் சந்தை வைத்திருக்கும் விலை, மூட்டைக்கு ஐந்து ரூபாய். அவன் இருந்தவரை ஏலக்காய்க்கு அறுபது கொடுத்தவர்கள், இனி ஐம்பத்தைந்துக்கே வாங்கிவிடலாமென்று உட்கார்ந்திருக்கிறார்கள். கருமாதி முடிந்த மறுநாளே அவன் பெண்சாதி மூக்கம்மாள் மூன்று மூட்டையோடு வந்து நிற்கிறாள். துக்கம் கேட்க வந்தவர்களை எதிரே வைத்துக்கொண்டே அழுதபடி காம்பு கிள்ளிய காய் அது. காலை வெயிலில் பச்சை மின்னுகிறது. இங்கே விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பக்கத்துக் கடைக்குத் தெரியாமல், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். மூக்கம்மாள் வளையலில்லாத கையை நீட்டுகிறாள். வியாபாரி வீரையா சட்டென்று கையை இழுத்துக்கொள்கிறார்.

“பொம்பள கையப் பிடிச்சா வெல பேசுறது? வீட்டு ஆம்பள யாரையாச்சும் வரச் சொல்லு ஆத்தா.”

“இருந்த ஆம்பளையத்தான் மலை தின்னுருச்சே அண்ணே. கூச்சமா இருந்தா வாயால சொல்லுங்க. நாலு பேரு கேக்கட்டும்.”

வீரையா செருமுகிறார். “அம்பத்தஞ்சு.”

“அம்பத்தெட்டு!” என்கிறார் எதிர்க்கடை ஜக்கையன்.

“யோவ் மாப்ளே, ஓஞ்சோலியப் பாரு! அறுபது!”

தெருவே சிரிக்கிறது, விலை ஏறுகிறது. மூக்கம்மாள் சிரிக்கவில்லை, தலையும் தாழவில்லை. அறுபத்து மூன்று சொல்லிவிட்டு வீரையா வியர்வையைத் துடைக்கிறார். ஜக்கையன் அதற்கு மேல் கேட்காமல் தன் கடைக்குள் திரும்புகிறார். வீரையாவின் கணக்கப்பிள்ளை பேனாவை மையில் தோய்க்கிறார்.

“சோலை பேருலயே எழுதிரவா?”

“எம்பேர எழுதுங்க.”

எழுதுகிறார்: மூக்கம்மாள், ஏலம் மூட்டை மூன்று, ரூபாய் நூற்றெண்பத்தொன்பது, ரொக்கம். பாக்கி இல்லை.