சின்ன ‘ர’வா, பெரிய ‘ற’வா?

“பாப்பா, ‘வயிறு’க்குச் சின்ன ‘ர’வா, பெரிய ‘ற’வா?”

தலை நிறைய ஷாம்பு நுரையோடு குளியலறையில் உட்கார்ந்திருந்த பாப்பாவுக்கு வயது பதினேழு. எரிச்சல் உச்சிக்கு ஏறியது.

“பெரிய ‘ற’! குளிக்கிறப்பகூட ஏம்ப்பா உயிரை வாங்கறீங்க?”

“சாயங்காலம் அச்சுக்குப் போகணும்மா. அதான்.”

அப்பா அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஊரார் விட்ட புள்ளியையும் துணைக்காலையும் தேடிப் பிடிப்பதுதான் அவருக்குச் சோறு போடும் வேலை. அவள் குளிக்கப் போனதும், வெளியே கதவுக்கு எதிரில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும். கேட்டால், “இங்கதான்மா வெளிச்சம் நல்லா இருக்கு” என்பார்.

“ஏங்க, அவ குளிச்சிட்டு வரட்டுமே. அதுக்குள்ள எழுத்து எங்க ஓடிடப் போகுது?” இது சமையலறையிலிருந்து அம்மா.

“பின்ன உன்னையா கேட்கச் சொல்ற? நீ எழுதற மளிகைச் சீட்டைப் பார்த்துக் கடைக்காரரே அழறார்.”

அவளுக்கு வேண்டியது அதிகமில்லை. யார் கண்ணும் யார் காதும் இல்லாத கொஞ்ச நேரம். வலிப்பு நோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அது ஒன்றுதான் கிடைக்கவில்லை. சைக்கிள் கூடாது. நீச்சல் கூடாது. மாத்திரை போட்டாச்சா? ராத்திரி சரியாத் தூங்கினியா? போன மாதம் குளிக்கும்போதே வலிப்பு வந்து தாடையில் தையல் போட்டதும், உள்தாழ்ப்பாளும் போயிற்று. அப்பாவே திருப்புளியோடு வந்து கழற்றினார். அம்மா கதவோரம் நின்று மூச்சுக்கு முன்னூறு தடவை, “நல்லா இருக்கியாடி?” என்றாள்.

அன்றைக்கு அவள் போட்ட சண்டையில் வீடே ரெண்டுபட்டது.

“நான் என்ன கைக்குழந்தையா? தாழ்ப்பாள் இல்லாட்டி போகட்டும். ஆனா, நல்லா இருக்கியான்னு இன்னொரு தடவை யாராவது கேட்டா நான் குளிக்கவே மாட்டேன்!”

அம்மா அழுதாள். “யாரும் கேட்க மாட்டோம்மா” என்று வாக்குக் கொடுத்தவர் அப்பாதான்.

அவர்தான் இப்போது இப்படி.

“பாப்பா, ‘முழங்கை’க்கு எந்த ‘ழ’?”

மக்கை வாளிக்குள் எறிந்தாள்.

“சிறப்பு ‘ழ’! உங்களை யாருப்பா இந்த வேலைக்கு வச்சாங்க?”

“எங்க முதலாளிதான். அவருக்கும் தமிழ் தெரியாதும்மா.”

போதும். இனிமேல் ஒரு வார்த்தை பதில் சொல்வதில்லை. கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போகட்டும், அப்போதுதான் புத்தி வரும்.

தலையை அலசினாள். துவட்டினாள். சுடிதாரை மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் சுவரோரம் சாய்ந்து நின்றாள்.

“பாப்பா, ‘அக்கறை’க்கு எந்த ‘ற’?”

பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

“பாப்பா? ‘அக்கறை’ம்மா...”

வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு வேறு வந்தது.

“பாப்பா!”

அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதில்லை.

கதவு படாரென்று திறந்தது.

வாசலில் அப்பா. இரண்டு கண்ணையும் இறுக்கி மூடியிருந்தார். தோளில் ஒரு போர்வை. மூடிய கண் மூடியபடியே ஈரத்தரையில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தரையைத் துழாவிக்கொண்டே வந்தார். வாளி உருண்டது. அதையும் தடவிப் பார்த்துவிட்டுத் தள்ளினார்.

அவருக்குப் பின்னால், நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அதைச் சுற்றி ஒரு தாள் இல்லை. பேனா இல்லை.

துழாவிய கை அவள் பாதத்தில் பட்டது. அப்படியே பிடித்துக்கொண்டது. விடவில்லை.

அப்போதும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

அவள் மெல்லக் குனிந்து அவர் தோளைத் தொட்டாள்.

“கண்ணைத் திறங்கப்பா... டிரெஸ் போட்டுட்டேன்.”