நாலாவது குறை

"திரும்பவும் உன்னைப் பத்தி எழுதிட்டாரு," என்று பக்கத்து மேசைக்காரி புது ஆய்விதழை அவள் முன்னால் போட்டாள். "இதோட நாலு."

யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது மாடியில் இருக்கும் மூத்த விஞ்ஞானி. அந்த ஆய்வு நிலையத்தில் அவருக்கு வைத்த பெயர் சுத்தியல். யார் எதை எழுதினாலும் மண்டையில் ஒன்று வைப்பார்.

அவள் பக்கத்தைப் பிரித்தாள். பெயின்ட்டுக்கு அடியில் துரு எப்படிப் பரவுகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. இரண்டு வருட உழைப்பு, ஒரே ஒரு கட்டுரை. அதைப் பற்றி அவர் எழுதியிருந்தார்: 'இக்கட்டுரையின் இரண்டாம் படத்தில் கோடுகள் மிக மெலிதாக உள்ளன. கண்ணாடி அணிந்தவர்களும் சிரமப்படுவார்கள்.'

"கோடு மெலிசா இருக்காம்," என்றாள்.

"முதல் தடவை என்ன சொன்னாரு?"

"தலைப்பு நீளம்னு. அப்புறம், இரும்புத் தகட்டை எங்க வாங்கினேன்னு சொல்லலையாம். மூணாவதுல, முன்னுரை வளவளன்னு இருக்காம்."

"என் மாமியார்கூட இவ்வளவு குறை கண்டுபிடிச்சதில்ல. அவங்க சாதாரண ஆள் இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமையோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. வேலை நீடிக்க வேண்டுமென்றால், குறைந்தது மூன்று கட்டுரைகளில் மற்றவர்கள் அவள் ஆய்வைக் குறிப்பிட்டிருக்க வேண்டும். நிலையத்தின் விதி அது. ஆய்வு நல்லதா கெட்டதா என்று படித்துப் பார்க்க மேலிடத்தில் யாருக்கும் நேரமில்லை. எண்ணிப் பார்க்க நேரம் இருந்தது.

சுத்தியலைத் தவிர உலகத்தில் ஒருவரும் அவளைக் குறிப்பிட்டதாகத் தெரியவில்லை. திட்டை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

மத்தியானம் அக்கா ஃபோன் செய்தாள். பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம். அந்த மெஷின்தான் இவளைப் படிக்க வைத்தது.

"என்னடி, வேலையை நீட்டிச்சுட்டாங்களா?"

"இன்னும் இல்லக்கா. மத்தவங்க என் பேரை எழுதணும்."

"அவ்வளவுதானே? கடை ரசீதுல நான் எழுதறேன். பின்பக்கம் காலியாத்தான் கிடக்கு."

"விளையாடாதக்கா. ஒருத்தர் எழுதறாரு. ஆனா திட்டித்தான் எழுதறாரு."

"பெரிய மனுஷனா?"

"ரொம்பப் பெரிய மனுஷன்."

"அப்ப வயித்தெரிச்சல்தான். விடு. வேலை போனா இங்க வா, சட்டைக்குப் பட்டன் காஜா எடுக்க ஆள் இல்லாம திண்டாடறேன்."

அக்கா அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நூலகர் கூப்பிட்டனுப்பினார். யார் யாரை எங்கே குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எண்ணிச் சொல்வது அவர் பொறுப்பு. அவள் மேசை இழுப்பறையைக் காலி செய்துவிட்டுத்தான் போனாள்.

"உங்களுக்கு நீட்டிச்சாச்சு," என்றார் நூலகர்.

"என்னை யாரும் குறிப்பிடலையே சார்?"

"நாலு கட்டுரையில இருக்கே."

"நாலும் திட்டு சார்."

"திட்டோ வாழ்த்தோ, குறிப்பிட்டா ஒண்ணு."

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. "நாலையும் எழுதினது ஒரே ஆள் சார். இதே கட்டடத்துல இருக்கறவர்."

நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதே கட்டடத்துல இருக்கறவங்க நல்லா இருக்குன்னு எழுதினா கணக்குல இருந்து அடிச்சிடுவேன். வேண்டப்பட்டவங்கன்னு அர்த்தம். போன வாரம் ரெண்டு பேர் மாத்தி மாத்திப் புகழ்ந்துக்கிட்டாங்க, ரெண்டையும் அடிச்சேன். உங்களைத் திட்டறவர் எப்படிம்மா உங்களுக்கு வேண்டப்பட்டவரா இருப்பார்? விதிப்படி செல்லும். கையெழுத்துப் போடுங்க."

போட்டாள். நேராக மூன்றாவது மாடிக்கு ஏறினாள். அவர் எதிரில் வந்தால் வேறு படிக்கட்டைப் பிடிக்கிறவள்தான். இன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் ஆறாது போலிருந்தது.

சுத்தியல் ஒரு துருப்பிடித்த தகட்டை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்னைத் திட்டித் திட்டி எழுதினதாலதான் சார் என் வேலை தப்பிச்சது," என்றாள்.

"சந்தோஷம்," என்றார், தலையைத் தூக்காமல்.

"அதுக்காக நீங்க எழுதலைன்னு எனக்குத் தெரியும்."

அவர் லென்ஸைக் கீழே வைத்தார்.

"நீங்க கண்டுபிடிச்சதை வச்சுத்தான் என் நாலு கட்டுரையும் நிக்குது. உங்க பேரைச் சொல்லாம எப்படி எழுதறது?"

"அப்ப... நல்லா இருக்குன்னே எழுதியிருக்கலாமே சார்?"

"உங்களுக்கு முன்னாடி அந்த மேசையில ஒருத்தர் இருந்தார். நல்லா செஞ்சார். நல்லா செஞ்சிருக்கார்னு எழுதினேன்."

"அப்புறம்?"

"நூலகர் அடிச்சுட்டார். அந்த மேசைக்காரருக்கு வேலை போயிடுச்சு."

மறுபடியும் லென்ஸை எடுத்துத் தகட்டின் மேல் குனிந்தார்.

"முதல் மூணு பரவாயில்ல," என்றார். "நாலாவதுக்கு உங்க கட்டுரையில ஒரு குறையும் கிடைக்காம ரொம்பத் திண்டாடிட்டேன்."