திராட்சைக் கொடி சொன்ன சேதி

"'திராட்சைக் கொடி வழியா கேள்விப்பட்டேன்'னு இங்கிலீஷ்காரன் சொன்னா என்ன அர்த்தம்?" கரும்பலகையைத் தட்டிக் கேட்டாள் ஜுசாரா.

பஸ்ஸுக்குப் பாடி கட்டும் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடம் அது. மதிய இடைவேளையில் தொழிலாளர்களுக்கு அங்கேதான் இங்கிலீஷ் வகுப்பு. என்றைக்கும் பாதிப் பேர் தூக்கத்தில் சாமியாடுவார்கள். இன்று ஒருவர் விடாமல் வந்து, ஊர் வழக்கப்படி ஒரே கசப்புத் தேநீர்க் குடுவையைக் கை மாற்றி உறிஞ்சியபடி விழித்துக்கொண்டிருந்தார்கள்.

"என் மாமனாருக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கு டீச்சர். மாமியார்தான் ஓயாம பேசுவாங்க. கொடி ஒருநாளும் வாய் திறந்ததில்ல," என்றார் வெல்டர் அதெமிர்.

"வதந்தின்னு அர்த்தம்ண்ணே. நம்ம ஊர்ல 'தொழிலாளி ரேடியோ'ங்கறோமே, அதுதான்."

யாரும் சிரிக்கவில்லை.

"அந்த ரேடியோவுல இப்பக்கூட ஒண்ணு ஓடுது டீச்சர்," என்றாள் பெயின்ட் பிரிவு நெய்சா, தரையைப் பார்த்து. "இங்க ஒருத்தருக்கு வேலை போகப்போகுதாம்."

"யாருக்கு?"

அதெமிர் தொப்பியைக் கழற்றி, அதாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜுசாராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூலிக்குத் திராட்சை பறித்த குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். அவள் அப்பாவை வேலையை விட்டுத் துரத்தியபோது ஏன் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

"அழாதீங்கண்ணே. ஆதாரம் இல்லாம எதையும் நம்பக் கூடாது. நான் காலேஜ்ல உருப்படியா கத்துக்கிட்டது அது ஒண்ணுதான். இருங்க, மேல போய்க் கேட்டுட்டு வரேன்."

"ஐயோ, போகாதீங்க டீச்சர்," நெய்சா வழியை மறித்தாள். "கேக் வாங்கி வச்சிருக்கோம். அதையாவது சாப்பிட்டுட்டு…"

"ஒரு மனுஷன் பொழப்பு போகுது, உனக்குக் கேக் கேக்குதா? தள்ளு."

இரண்டிரண்டு படியாக ஏறி, பணியாளர் மேலாளர் தர்சீசியோவின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"சார், யாரையோ வேலையை விட்டு எடுக்கறீங்களாமே? ஆமாவா, இல்லையா?"

அவர் பேனாவை மெதுவாக மூடினார். "ஆமா."

"அப்ப அதை மூஞ்சிக்கு நேரா சொல்லிட வேண்டியதுதானே? கீழ அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு. முதுகுக்குப் பின்னால பேசி ஒரு ஏழையை அழ வைக்கறீங்க. டை கட்டினா போதுமா சார், கொஞ்சம் தைரியமும் வேணாமா?"

தர்சீசியோ எழுந்து வந்து, தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நல்லவேளை, நீங்களே சொல்லிட்டீங்க. ஒரு வாரமா எனக்குத்தான் அந்தத் தைரியம் வரல. உக்காருங்க டீச்சர், நாளையிலேருந்து இங்கிலீஷ் கிளாஸ் கிடையாது."